ரேடியம் கண்ட அம்மையார் நடத்திய பள்ளிக்கூடம்

எக்ஸ்-ரே படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் இன்று மிகவும் குறைவு. மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் எக்ஸ்-ரே. இருமல் நிற்கவில்லை என்றால் எக்ஸ்-ரே. பல்லில் வலி என்றால் அதற்கும் எக்ஸ்-ரே.

படம் எடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கு, படம் எடுப்பவர் மட்டும் தடுப்புச் சுவருக்கு அப்பால் போய் நின்றுகொள்கிறார்.

ஏன் போகிறார்? அப்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சிறு பாடம் உலகத்துக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. இதற்காக விரலை இழந்தவர்கள் உண்டு. கையை இழந்தவர்கள் உண்டு. உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் மிகப் பெரிய பெயர், மேரி கியூரி அம்மையார்.

அவர் ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர் என்பதும் தெரியும். ஆனால் வாழ்நாளில் பெரும் பகுதியை அவர் ஆசிரியையாகவே கழித்தார். யுத்த காலத்தில் எக்ஸ்-ரே வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம்தான் நடந்தது. மீதிப் பாதி அப்போது எவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாத அந்தப் பாதிதான் பின்னால் அம்மையாரின் உயிருக்கே வினையாக வந்தது.

வாத்தியார் வீட்டுப் பெண்

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867-ஆம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி மேரி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மரியா. ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி.

தந்தை பௌதிகமும் கணிதமும் கற்பித்த உபாத்தியாயர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைவியாக இருந்தவர். பாடம் சொல்வது அந்த வீட்டின் குலத்தொழில் என்றே சொல்லலாம்.

அப்போது வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் போலிஷ் மொழிக்கு இடமில்லை. விஞ்ஞானப் பரிசோதனை வகுப்புகளையும் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். தந்தை தம் கருவிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து கண்ணாடி அலமாரியில் வைத்தார். சிறுமி மரியா அவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு வளர்ந்தாள்.

மரியாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1878-ல், தாயார் காசநோயால் காலமானார். அதற்கு முன்பே மூத்த அக்கா ஒருத்தி விஷ ஜுரத்துக்குப் பலியாகியிருந்தாள்.

பதினைந்தாம் வயதில் மரியா தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தாள். அதற்கு மேல் வழியில்லை. வார்சா சர்வகலாசாலை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அவளும் அக்கா பிரோன்யாவும் இரகசியமாக நடந்த ஒரு சர்வகலாசாலையில் படித்தார்கள். அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருக்க வகுப்புகள் வீடு மாறி வீடு மாறி நடக்கும். அதனால் அதற்குப் பறக்கும் சர்வகலாசாலை என்று பெயர்.

அக்காவும் தங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அக்கா பாரிசுக்குப் போய் டாக்டருக்குப் படிப்பது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா டாக்டரானதும் தங்கையைப் படிக்க வைப்பது.

மரியா ஒரு கிராமத்துப் பணக்காரர் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் அமர்ந்தாள். ஓய்வு நேரத்தில் அந்த ஊர்க் குடியானவர்களின் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போலிஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். அகப்பட்டால் தண்டனை. ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் பாடத்தை நிறுத்தும் சுபாவம் அன்றும் அவளுக்கு இல்லை; என்றும் வரவில்லை.

பாரிசும் பழைய கொட்டகையும்

1891-ல் மரியா பாரிஸ் வந்து சேர்ந்தாள். பிரெஞ்சு வழக்கப்படி பெயர் மேரி ஆயிற்று. மொட்டை மாடிக்குக் கீழே ஒரு சின்ன அறை. குளிர் காலத்தில் கணப்புக்குக் கரி வாங்கப் பணம் போதாது. ரொட்டியும் தேநீருமாகப் பல நாள் ஓடின. ஆனால் 1893-ல் பௌதிகப் பட்டத் தேர்வில் முதல் இடம். அடுத்த ஆண்டு கணிதத்தில் இரண்டாம் இடம்.

1895-ஆம் ஆண்டு ஜூலையில் பியரி கியூரி என்ற விஞ்ஞானியை மேரி மணந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு பாரிஸில் ஹென்றி பெக்கரல், யுரேனியம் என்ற உலோகத்திலிருந்து தானாகவே ஒரு கதிர் வெளிப்படுவதைக் கண்டார்.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. எக்ஸ் கதிர், மின்சாரக் குழாயிலிருந்து பிறப்பது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். யுரேனியத்தின் கதிரோ நிற்பதே இல்லை. அணைக்க விசையும் இல்லை.

நிற்காத இந்தக் கதிரை மேரி ஆராயத் தொடங்கினார். 1898-ல் கியூரி தம்பதிகள் இரண்டு புதிய மூலகங்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலையில் அறிவித்ததற்குத் தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்கள். டிசம்பரில் அறிவித்தது ரேடியம்.

ஆனால் ரேடியத்தை எவரும் கண்ணால் பார்க்கவில்லையே! அதைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். மருத்துவ மாணவர்கள் முன்பு பிணம் அறுத்துப் படித்த பழைய கொட்டகை ஒன்று இடமாகக் கிடைத்தது. மழை பெய்தால் ஒழுகும். அங்கே மூட்டை மூட்டையாகத் தாதுக் கழிவைக் கொட்டி, தம் உயரத்துக்குச் சமமான இரும்புக் கம்பியால் கிளறிக் காய்ச்சினார் மேரி. டன் கணக்கில் காய்ச்சியும் 1902-ல் கையில் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்புத்தான்.

இரவு நேரங்களில் தம்பதிகள் கொட்டகைக்குப் போவது உண்டு. மேஜைகளின் மேலும் பலகைகளின் மேலும் இருந்த புட்டிகள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த அழகைப் பார்த்து இருவரும் மெய்ம்மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டைப் பையில் இருந்த நெருப்பு

அந்த அழகு சுடும் என்பது சீக்கிரமே தெரிந்தது.

ரேடியம் அடைத்த சிறு குழாயைப் பெக்கரல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பைக்கு நேரே உடம்பில் தீக்காயம் போலப் புண் கண்டது. பியரி கியூரியோ வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தைக் கட்டிப் பார்த்தார். தோல் சிவந்தது, பிறகு புண்ணாயிற்று, ஆறுவதற்குப் பல வாரங்கள் பிடித்தன. இந்த அனுபவத்தை இருவரும் 1901-ல் அறிக்கையாக எழுதி வெளியிட்டார்கள்.

டாக்டர்கள் இதைப் படித்ததும் வேறு விதமாக யோசித்தார்கள். நல்ல சதையை அழிக்கும் கதிர், புற்றுநோய்க் கட்டியையும் அழிக்கும் அல்லவா? அப்படித்தான் ரேடிய சிகிச்சை பிறந்தது. கியூரி தம்பதிகள் ரேடியம் தயாரிக்கும் முறைக்கு உரிமைப் பதிவு செய்துகொள்ளவில்லை. உலகத்துக்குப் பயன்படட்டும் என்று இலவசமாக விட்டுவிட்டார்கள்.

ஆபத்தின் அறிகுறியே மருந்தின் அறிகுறியாகவும் இருந்ததுதான் அன்றைய சங்கடம். புண்ணைக் கண்டவர்கள் பயப்படவில்லை, நம்பிக்கை கொண்டார்கள். மேரியின் விரல் நுனிகள் தடித்து வெடித்தன. இருவருக்கும் ஓயாத களைப்பு. 1903-ல் பெக்கரலோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்டாக்ஹோமுக்குப் புறப்பட்டுப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1905-ல்தான் போக முடிந்தது. அளவுக்கு மீறிய உழைப்பே காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விட்ட இடத்தில் தொடங்கிய பாடம்

1906 ஏப்ரல் 19-ந் தேதி பியரி கியூரி பாரிஸ் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியில் அகப்பட்டு மாண்டார். மேரிக்கு அப்போது வயது 38. ஐரீன், ஈவ் என்று இரண்டு பெண் குழந்தைகள்.

கணவர் பார்த்த பேராசிரியர் வேலையை மேரியிடமே ஒப்படைத்தது சார்போன் சர்வகலாசாலை. அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் பாடம் நடத்தியது கிடையாது. நவம்பர் 5-ந் தேதி முதல் வகுப்பு. மாணவர்களைத் தவிர, ஊர்ப் பெரிய மனிதர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து இடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணீர் சிந்துவார், கணவரைப் பற்றி உருக்கமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள். மேரி உள்ளே வந்தார். கணவர் எந்த இடத்தில் பாடத்தை விட்டிருந்தாரோ அந்த இடத்திலிருந்து தொடங்கினார். முடிந்ததும் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு வேடிக்கையான பள்ளிக்கூடமும் நடந்தது. நண்பர்களான சில பேராசிரியர்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே முறைபோட்டுப் பாடம் சொன்னார்கள். பௌதிகம் மேரியின் பங்கு. சைக்கிள் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்வுப் பலகையில் உருளவிட்டு, அவை போடும் கோட்டைக் கொண்டே பொருள்கள் விழும் விதியைப் பிள்ளைகளுக்கு விளக்கினார். புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்காது. கையால் செய்து பார்க்க வேண்டும். கண்ணால் காண வேண்டும். அதுவே அவர் முறை.

1911-ல் ரசாயனத்துக்காக இரண்டாம் முறை நோபல் பரிசு வந்தது. 1914-ல் பாரிஸில் ரேடியம் ஆராய்ச்சி நிலையம் கட்டி முடிந்தது. ஆராய்ச்சி தொடங்குவதற்குள் யுத்தம் தொடங்கிவிட்டது.

சின்னக் கியூரிகள்

ஜெர்மன் படை பாரிசை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்ஸிடம் இருந்த விலை மதிப்பற்ற ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து ரயிலில் போர்டோ நகருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார் மேரி. மறுநாளே திரும்பிவிட்டார். பாரிஸில் வேறு வேலை காத்திருந்தது.

சிப்பாய்களின் உடம்பில் குண்டுச் சில்லுகள் புதைந்து கிடந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் டாக்டர்கள் கத்தியை வைத்துத் தேடினார்கள். தேடுவதிலேயே பலர் செத்தார்கள். எக்ஸ்-ரே இருந்தால் சில்லு கிடக்கும் இடம் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் எக்ஸ்-ரே இயந்திரங்கள் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தன. போர்முனைக்கு அருகே மின்சாரமே கிடையாது.

மேரி ஒரு யோசனை செய்தார். மோட்டார் வண்டியில் எக்ஸ்-ரே இயந்திரத்தை ஏற்ற வேண்டும். வண்டியின் எஞ்சினைக் கொண்டே மின்சாரம் உண்டாக்க வேண்டும். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். அங்கிருந்து கம்பி இழுத்தால் உள்ளே படம் எடுத்துவிடலாம்.

பணக்காரச் சீமாட்டிகளிடம் மோட்டார் கேட்டு வாங்கினார். யுத்தம் முடிந்ததும் திருப்பித் தருவதாக வாக்களித்தார். இப்படி 20 வண்டிகள் தயாராயின. சிப்பாய்கள் அவற்றுக்குச் சின்னக் கியூரிகள் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இவை தவிர, நிலையான எக்ஸ்-ரே அறைகள் 200 அமைக்கப்பட்டன. இவற்றின் மூலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்தார்கள் என்பது கணக்கு.

அம்மையார் உத்தரவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. உடற்கூறு படித்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். டயர் மாற்றினார். 17 வயது மகள் ஐரீனையும் கூட அழைத்துப் போனார். சில மாதங்களுக்குள் ஐரீன் தனியாகவே ஒரு போர்முனை ஆஸ்பத்திரியின் எக்ஸ்-ரே அறையைக் கவனிக்கத் தொடங்கினாள்.

நூற்றைம்பது மாணவிகள்

வண்டிகள் வந்துவிட்டன. இயக்குவதற்கு ஆள் இல்லை. எக்ஸ்-ரே தெரிந்த டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மருத்துவக் கல்லூரியிலேயே அன்று இதை எல்லோருக்கும் கற்பிக்கவில்லை. பல டாக்டர்கள் எக்ஸ்-ரேயை ஏதோ படம் பிடிக்கும் தந்திரம் என்றே நினைத்திருந்தார்கள்.

1916-ல் அம்மையார் ரேடியம் நிலையத்தில் பெண்களுக்காக ஒரு வகுப்புத் தொடங்கினார். யுத்தம் முடிவதற்குள் 150 பெண்கள் அங்கே பயிற்சி பெற்று வெளியேறினார்கள். படித்தவர்களும் வந்தார்கள், அதிகம் படிக்காதவர்களும் வந்தார்கள். அம்மையார் பாகுபாடு பார்க்கவில்லை. மின்சாரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவார். எக்ஸ்-ரே குழாய் எப்படி வேலை செய்கிறது, தட்டைக் கழுவிப் படம் எடுப்பது எப்படி, எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு கோணங்களில் நிழலைப் பிடித்து, கணக்குப் போட்டு, குண்டுச் சில்லு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார். ஐரீனும் ஓர் ஆசிரியை.

சில வாரப் படிப்பில் அந்தப் பெண்கள் போர்முனைக்குப் போனார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் டாக்டர்கள் கத்தி வைத்தார்கள். எத்தனையோ சிப்பாய்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

பாடத்தில் இல்லாத பாதி

கதிர் கெடுதல் செய்யும் என்பது அப்போது தெரியாததல்ல. எக்ஸ்-ரே கண்டுபிடித்த மறு வருஷத்திலேயே கைகளில் புண் வந்தவர்கள் உண்டு. குழாய் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்தக் காலத்து டாக்டர்கள் தங்கள் கையையே குறுக்கே நீட்டி எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தினமும் பார்த்தார்கள். பிறகு அந்தக் கையையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்பவர் இப்படி இரு கைகளும் போய் 1904-ல் உயிர் நீத்தார்.

ஆகவே நேர்க் கதிரில் நிற்காதே என்பது அம்மையாரின் பெண்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு இருந்த கவசம் என்ன? துணிக் கையுறை. வசதிப்பட்டால் ஒரு சிறிய உலோகத் தடுப்பு. அவ்வளவுதான்.

இருட்டறையில் சிப்பாய் படுத்திருப்பான். கதிர் பாய்ந்துகொண்டே இருக்கும். ஒளிரும் திரையைப் பார்த்தபடி டாக்டர் சில்லைத் தேடுவார். பக்கத்தில் அந்தப் பெண் நிற்பாள். ஒருவன் போனால் அடுத்தவன். காலையில் தொடங்கினால் நள்ளிரவு வரை கூட நடக்கும். நேர்க் கதிர் மேலே படாவிட்டாலும், நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் நாலாபுறமும் பரவும் அல்லவா? அது துணிக் கையுறையில் நிற்குமா?

கதிருக்கு வாசனை இல்லை. சூடு இல்லை. மேலே பட்டால் வலிப்பதில்லை. தோலில் புண் காட்ட நாட்களும் வாரங்களும் ஆகும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை அரிக்க ஆண்டுகள் ஆகும். சுட்ட விரலைக் குழந்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்வது போல இதில் இழுத்துக்கொள்ள முடியாது. உடம்பு எச்சரிக்காத ஆபத்தை அறிவுதான் எச்சரிக்க வேண்டும்.

அறிவு எச்சரிக்க வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். ஒரு மனிதன் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க, எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட அளவே அன்று இல்லை. கியூரி என்ற பெயரில் 1910-லேயே ஓர் அளவு வந்துவிட்டது. ஆனால் அது ரேடியத்தை அளந்தது. மனிதனுக்கு வந்த கேட்டை அளக்கவில்லை. ராண்ட்ஜன் என்ற அளவை 1928-ல்தான் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் உலகம் ஏற்றது. ஒரு படி நெல்லுக்குக் கூட அளவு உண்டு. உயிரைத் தொடும் கதிருக்கு அளவு இல்லாமலே 150 மாணவிகளை அம்மையார் அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

மாணவர்களுக்குச் சொன்னார்; தாம் செய்யவில்லை

யுத்தம் முடிந்தது. 1921-ல் அம்மையார் அமெரிக்கா போனார். அந்நாட்டுப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டி வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை ஜனாதிபதி ஹார்டிங் அவரிடம் வழங்கினார். ரேடியத்தின் புகழ் உச்சியில் இருந்த காலம் அது. ரேடியம் கலந்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். முகப்பூச்சில் கலந்து பூசினார்கள்.

பிறகு கெட்ட செய்திகள் வரத் தொடங்கின. அமெரிக்காவில் கடிகார முகங்களுக்கு ரேடிய வர்ணம் தீட்டிய இளம் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கித் தாடை எலும்பு அரித்து மாண்டார்கள். பாரிசுக்கு வெளியே மருத்துவத்துக்கான கதிர்ப் பொருள் தயாரித்த இரண்டு பொறியாளர்கள், 1925 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள்.

விசாரிக்க அமைத்த குழுவில் அம்மையாரும் இருந்தார். ஈயத் தடுப்பு வைக்க வேண்டும், வேலை செய்பவர்களின் இரத்தத்தை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று குழு கூறியது. தம் ஆராய்ச்சி நிலையத்திலும் அம்மையார் விதிகள் போட்டார். குழாய்களை வெறுங்கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும், தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று மாணவர்களைக் கண்டிப்பார்.

ஆனால் தமக்கு அந்த விதியை வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷப் பழக்கம் விரல்களை விட்டுப் போகவில்லை.

கண்ணில் புரை விழுந்தது. அறுவை சிகிச்சை நான்கு முறை நடந்தது. பாடக் குறிப்புகளைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பார்வை மங்கியதை மாணவர்களுக்குக் காட்டிக்கொள்ளாமல் பாடம் நடத்தினார்.

கதிரியல் டாக்டர்கள் 1928-ல் ஸ்டாக்ஹோமில் கூடியபோது, பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசக் குழுவை நிறுவினார்கள். கதிர் வேலை நாளுக்கு ஏழு மணிக்கு மேல் கூடாது, வாரத்துக்கு ஐந்து நாளே வேலை, ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை என்பவை அதன் முதல் விதிகளில் சில. இவ்வளவு கதிருக்கு மேல் கூடாது என்று எண்ணால் ஓர் எல்லை கட்டியது 1934-ல்.

அதே 1934-ல், ஜூலை 4-ந் தேதி, பிரான்ஸின் மலைநாட்டில் உள்ள ஒரு சானடோரியத்தில் மேரி கியூரி அம்மையார் காலமானார். வயது 66. மஜ்ஜை இரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது. நெடுங்காலம் கதிர் பட்டதே காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் அறிவித்தார்கள்.

1935-ல் ஐரீனும் அவர் கணவர் ஜோலியோவும் நோபல் பரிசு பெற்றார்கள். போர்முனையில் தாயாரோடு நின்ற அந்த ஐரீன், 1956-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

சவப்பெட்டி சொன்ன செய்தி

அம்மையாரைக் கொன்றது ரேடியம் என்றே உலகம் 60 ஆண்டுகள் நம்பியிருந்தது.

1995-ல் பிரெஞ்சு சர்க்கார் கியூரி தம்பதிகளின் உடல்களைப் பாரிஸில் தேசப் பெரியோர் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றியது. கல்லறையைத் திறக்கும்போது கதிர்ப் பாதுகாப்பு நிபுணர்கள் கருவிகளோடு நின்றார்கள். அம்மையாரின் உடல் ஈயப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யப்பட்டிருந்தது. உள்ளே இருந்த கதிரை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ரேடியம் அவர் உடம்புக்குள் உயிரைப் போக்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கவில்லை.

அப்படியானால் நோய் எதனால் வந்தது? யுத்த காலத்தில், போதிய தடுப்பு இல்லாமல் அவர் மேல் பட்ட எக்ஸ் கதிரே பெரிய காரணமாக இருக்கலாம் என்று அந்த நிபுணர்கள் கருதினார்கள். எக்ஸ் கதிர் உடம்பில் தங்குவதில்லை. ஊடுருவும்போதே கெடுதலைச் செய்துவிட்டுப் போய்விடும். அதனால் பெட்டியில் தடயம் இல்லை.

ரேடியத்தின் தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிக்குள் உள்ளன. பார்க்க விரும்புகிறவர் ஆபத்தை அறிந்தே பார்ப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் வேண்டும்.

இன்றைய மாணவர்களுக்கு

இன்று ஒரு மருத்துவ மாணவர் கதிர் அறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே பாதுகாப்புப் பாடத்தைப் படித்துவிட முடிகிறது. சர்வதேச அணுசக்தி முகமை போன்ற நிறுவனங்கள் கணினி வழியாகவே இலவசமாக இந்தப் பாடங்களை நடத்துகின்றன. பெரிய நகரத்துக் கல்லூரி மாணவருக்கும் சிறிய ஊர் ஆஸ்பத்திரி நர்சுக்கும் ஒரே பாடம். ஆபத்து இல்லாமல் பிழை செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளவும் திரையில் வழி உண்டு. அம்மையாரின் மாணவிகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பழகியதே உண்மைக் கதிரில்.

பாடத்தின் சாரம் மூன்று சொல்லில் அடங்கும். நேரம், தூரம், தடுப்பு. கதிருக்கு அருகே இருக்கும் நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு, இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவே ஈயத் தடுப்பு வை. நாள் முழுவதும் நோயாளியின் பக்கத்திலேயே தடுப்பின்றி நின்ற அம்மையாருக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை.

எல்லைகளும் இறங்கியிருக்கின்றன. 1934-ல் ஏறக்குறைய பத்து நாளுக்கு அனுமதித்த அளவுதான் இன்று கதிர் வேலை செய்பவருக்கு ஓர் ஆண்டுக்கு. அது சராசரியாக 20 மில்லிசீவர்ட். கண்ணுக்கு 150 என்று இருந்த எல்லையையும் 2011-ல் 20-க்கு இறக்கச் சொன்னார்கள். நினைத்ததைவிடக் குறைந்த கதிரிலேயே புரை விழுகிறது என்று தெரிந்ததுதான் காரணம்.

பாடம், இயந்திரத்தை இயக்குகிறவருக்கு மட்டும் போதாது. சீட்டு எழுதிக் கொடுக்கும் டாக்டருக்கும் வேண்டும். வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் படும் கதிர், மார்புக்கு எடுக்கும் எக்ஸ்-ரே படம் நூறுக்கு மேல் எடுப்பதற்குச் சமம் ஆகலாம். குழந்தைகளின் உடம்பு கதிருக்கு மேலும் மென்மையானது. இந்தப் படம் அவசியந்தானா, கதிர் இல்லாத வேறு சோதனை போதாதா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுதுகிற டாக்டரே பாடத்தை முழுதாகப் படித்தவர். அதே சமயம், அவசியமான படத்துக்கு நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. ஒடிந்த எலும்பைப் பார்க்காமல் கட்டுவதே பெரிய ஆபத்து.

நோயாளிக்குள் இருப்பதைக் கண்டு சொல்ல மேரி கியூரி அம்மையார் 150 பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பக்கத்தில் நிற்பவரைக் காக்கும் பாடத்தை அவரால் முழுதாகக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. அன்று அது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அதை எழுதச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு அவர் கொடுத்த விலை, தம்முடைய கண்ணும் விரலும் உயிரும்.